கண்டவன் இருக்கிறான், சாட்சி இல்லை: வன்னியில் கொலை வழக்குகள் ஏன் துலங்குவதில்லை

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா தனியாக இருந்தார். பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். ஒருநாள் காலை பால் கொடுக்கப் போன பெடியன்தான் முதலில் கண்டான். கதவு திறந்து கிடந்தது, அவர் அடுப்படி வாசலில் விழுந்து கிடந்தார், காதில் தோடு இல்லை, கழுத்தில் சங்கிலி இல்லை. அரை மணித்தியாலத்துக்குள் ஊரே கூடிவிட்டது. பெண்களுக்கு அவரை அப்படியே நிலத்தில் விட மனம் வரவில்லை. தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள், முகத்தைத் துடைத்துச் சேலையைச் சரிசெய்தார்கள், ஒருவர் இரத்தம் கிடந்த இடத்தைக் கழுவிச் சாணித் தண்ணீர் தெளித்தார், இன்னொருவர் தலைமாட்டில் விளக்குக் கொளுத்தி வைத்தார். நானும் அங்கேதான் நின்றேன். கதவைத் தொட்டேன், பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம் தேடி அலுமாரியைத் திறந்தேன். பொலிஸ் வந்துசேர மத்தியானம் ஆகிவிட்டது. கொன்றவன் அந்த வீட்டில் ஏதாவது தடயம் விட்டுப் போயிருந்தால், அதையெல்லாம் அவர்மேல் இருந்த பாசத்திலேயே நாங்கள் அழித்து முடித்திருந்தோம்.

அந்த வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. ஏன் என்று கேட்டுக்கேட்டு, சட்டத்தரணி நண்பர்களைத் துளைத்து, கிடைத்ததையெல்லாம் வாசித்து எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

கொலை வழக்குகள் துலங்காமல் போவது எங்கள் நாட்டுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் நூறு கொலை நடந்தால் தொண்ணூறுக்கு மேல் பொலிஸ் கணக்கில் துலங்கின. 2022 அளவில் அது பாதியளவுக்கு இறங்கிவிட்டது, அதன்பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. மரபணுப் பரிசோதனை, கண்காணிப்புக் கமரா, கைத்தொலைபேசித் தரவு எல்லாம் வந்த பிறகுதான் இந்த இறக்கம். ஆய்வு செய்தவர்கள் சொல்லும் காரணங்கள் பல என்றாலும் இரண்டு திரும்பத்திரும்ப வரும். முன்பு கொலை பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள் நடந்தது, வீட்டுச் சண்டை, வேலிச் சண்டை, குடிச் சண்டை. செய்தவன் யார் என்று அயலுக்கே தெரியும். இப்போது குழுச் சண்டை, போதைவஸ்து, முகம் தெரியாதவன் தூரத்தில் நின்று சுடுவது என்று மாறிவிட்டது. இரண்டாவது, கண்டவர்கள் பொலிஸுக்குச் சொல்வதில்லை, அதுவும் பொலிஸை நம்பாத ஏழைக் குடியிருப்புகளில் வாயே திறப்பதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொலிஸ் கணக்கில் 'துலங்கியது' என்றால் அநேகமாக ஒரு ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் பொருள். அந்த ஆள் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்த்ததா என்பது வேறு கணக்கு, அது இன்னும் சின்னது.

அந்த இரண்டு காரணங்களையும் வன்னிக்குள் கொண்டுவந்து பாருங்கள்.

இங்கேயும் லேசாகத் துலங்கும் கொலைகள் இருக்கின்றன. கசிப்பு வெறியில் தமையனை வெட்டிய தம்பி, மனைவியை அடித்துக் கொன்றுவிட்டு விடியக் காலை கத்தியோடு பொலிஸில் சரணடைந்த புருஷன், அப்படிச் செய்திகள் அடிக்கடி வரும். அவற்றுக்குப் பெரிய துப்பறிவு தேவையில்லை. கஷ்டம் எங்கே வருகிறது என்றால், கொன்றவனுக்கும் இறந்தவருக்கும் நேரடித் தொடர்பு இல்லாத இடத்தில். தனியாக இருக்கும் வயோதிபர் வீட்டுக் களவு ஒன்று. மணல், மரம், கஞ்சா என்று பணம் புழங்கும் இடத்துப் பகை இன்னொன்று. கூலிக்குச் சுடுவது மூன்றாவது, அது கொழும்புப் பக்கத்து விசயம் என்றுதான் நினைத்திருந்தோம். 2025 ஜனவரி 16ஆம் திகதி மன்னார் நீதிமன்றத்துக்கு முன்னாலேயே, வழக்குக்கு வந்தவர்கள் பட்டப்பகலில் சுடப்பட்டு இருவர் இறந்தார்கள். கூலிக்காரனுக்கு இறந்தவர்மேல் கோபமே கிடையாது. 'இவருக்கு யாரோடு பகை' என்று தொடங்கும் விசாரணை அவனிடம் போய்ச் சேராது.

அப்புறம் ஆயுதம். தொலைக்காட்சியில் காட்டுவது போல, உடம்பிலிருந்து எடுத்த ரவையை நுணுக்குக்காட்டியில் வைத்து எந்தத் துப்பாக்கி என்று கண்டுபிடிப்பது உண்மைதான், ஆனால் அதற்குத் துப்பாக்கிக் குழலின் உள்ளே புரிபுரியாக வெட்டு இருக்க வேண்டும். அந்த வெட்டுத்தான் ரவையில் கீறல் விடும். வன்னியில் காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் பாதையில் கயிறு கட்டி, அது இழுபட்டதும் வெடிக்கும்படி வைக்கும் கட்டுத்துவக்கிலும், ஊர்க் கொல்லன் செய்து கொடுக்கும் இடியன் துவக்கிலும் குழல் உள்ளே வழுவழுப்பு. வெடிமருந்தும் ஈயச் சன்னமும் முன்வாயால் இடித்து நிரப்புவது. சன்னத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஒரு கீறலும் இருக்காது, வெற்றுக்கோதும் விழாது. கட்டுத்துவக்கில் ஒருவர் இறந்தால் அது மிருகத்துக்கு வைத்ததில் அகப்பட்டாரா, இல்லை அவர் வரும் பாதை தெரிந்து வைத்ததா என்பதைக் கயிறு கட்டிய உயரத்தையும் திசையையும் அன்றே அளந்து பார்த்தால்தான் சொல்லலாம். அளப்பதற்கு முன் கயிற்றை அறுத்துவிடுவார்கள், இன்னொருவர் அகப்படக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். சரி, வெற்றுக்கோது விழும் துப்பாக்கி என்றே வைத்துக்கொள்வோம். யுத்தம் நடந்த மண்ணில் கிண்டிய இடமெல்லாம் கோதுதான். இது எந்த வருடத்தது என்று யார் பிரிப்பது?

காலநிலையும் சேர்ந்து கெடுக்கிறது. இறந்த நேரத்தைக் கணிக்க ஒரு வழி, உடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. குளிர் நாட்டில் அது நல்ல மணிக்கூடு. ஆனி ஆடி வெயிலில் வன்னி மத்தியானம் 35 பாகை தாண்டும், உயிருள்ள உடம்பே 37 பாகை, குளிர்வதற்கு எங்கே இடம்? ஒன்றரை நாளில் உடல் ஊதிவிடும். காட்டோரம் என்றால் நரியும் பன்றியும் வந்துவிடும். மாரி என்றால் ஒரு மழையில் காலடியும் சில்லுத் தடமும் போய்விடும். சட்ட வைத்திய அதிகாரி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பதில்லை, அதனால் உடலை மாவட்டம் விட்டு மாவட்டம் ஏற்றி அனுப்பும் நிலை இங்கே பழகிப்போன ஒன்று. தடயப்பொருள்கள் கொழும்பு தாண்டி பத்தரமுல்லையில் இருக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். முழு நாட்டுப் பொருளும் அங்கேதான் வரிசையில் நிற்கிறது. கைத்தொலைபேசிக் கோபுரத்தை வைத்து ஆளைப் பிடிப்பதும் நகரத்தில் சரிவரும், ஏனென்றால் அங்கே கோபுரங்கள் நெருக்கம். காட்டுப் பக்கத்தில் ஒரே கோபுரம் பல கிராமத்துக்குச் சேவை கொடுக்கும், அதில் பதிவான ஒரு இலக்கம் கொலை நடந்த வளவுக்குள் நின்றதா நாலு கட்டை தள்ளி வயலில் நின்றதா என்று சொல்லாது.

இவ்வளவும் இருந்தாலும், இவை இரண்டாம் பட்சம் என்பதுதான் என் எண்ணம். எந்த ஊரிலும் கொலை வழக்கைத் துலக்குவது பெரும்பாலும் ஒரு ஆளின் வாய்தான். மரபணு கூட, ஒப்பிடுவதற்கு ஒரு ஆள் கிடைத்த பிறகுதான் பேசும். அந்த ஆளை யாராவது கை காட்ட வேண்டும்.

பெரியம்மாவின் வழக்கில் அப்படிக் கை காட்டக்கூடிய ஒருவன் இருந்தான். அன்றிரவு பதினொரு மணிபோல ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கை அணைத்துக்கொண்டு அந்த ஒழுங்கைக்குள் போனதை வயல் காவலுக்குப் போன ஒரு தம்பி கண்டிருக்கிறான், அதை ஓட்டியவனையும் பின்னால் இருந்தவனையும் மட்டுமட்டாக அடையாளமும் தெரியும். எனக்குச் சொன்னான். பொலிஸுக்குச் சொல்லவில்லை. ஏனடா என்று கேட்டதற்கு, "அண்ணை, நான் அங்க போய் நிண்டா மோட்டார் சைக்கிளை எழுத மாட்டினம், முதல்ல என்ர பைலைத்தான் எடுப்பினம்" என்றான். அவன் புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளி.

இதைத் தெற்கில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம், புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் கஷ்டம். 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குள் போய் வந்தார்கள். அவர்களில் கணிசமானோர் இந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள், வயல் செய்கிறார்கள், மேசன் வேலை செய்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்குகிறார்கள். முகாமால் வந்த பிறகும் புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்து போனதை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள். இரவில் விழித்திருப்பவன், காட்டுப் பாதை தெரிந்தவன், ஒரு சத்தத்தைக் கேட்டு எந்த ஆயுதம் என்று சொல்லக்கூடியவன் யார் என்றால் அநேகமாக அவர்களில் ஒருவன்தான். ஒரு விசாரணைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அவனோ பொலிஸ் நிலையப் படியை மிதிக்க மாட்டான், மிதித்தால் சாட்சியாகப் போய்ச் சந்தேகநபராக நிற்க வேண்டி வருமோ என்ற பயம். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் மனைவி அன்றைக்கு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், எங்களை விட்டிடுங்கோ அண்ணை என்று.

அதற்கு மேல் மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், பொதுப் பதிவுகளும் தமிழில்தான் இருக்க வேண்டும். நடைமுறையில் முறைப்பாடு தமிழில் சொல்லப்பட்டு, அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒருவரால் சிங்களத்தில் எழுதப்பட்டு, சொன்னவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் அவர் கையொப்பம் வைப்பதை நானே எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 'பின்னேரம்' என்று சொன்னது எத்தனை மணியாக எழுதப்பட்டது, 'மச்சான் முறை' என்று சொன்னது எந்த உறவாக எழுதப்பட்டது, யாருக்குத் தெரியும்? இங்கே வழக்கு நடப்பது தமிழில், ஆகவே அந்தச் சிங்கள வாக்குமூலம் திரும்பவும் தமிழாக்கப்படும். சாட்சிக் கூண்டில் நிற்கும் கிழவியிடம் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, நீங்கள் அன்று சொன்னது வேறு இன்று சொல்வது வேறு என்று குறுக்கு விசாரணை செய்யும்போது, அவர் இரண்டு தரமும் ஒன்றையேதான் சொல்லியிருப்பார். வழக்கு அந்த இடத்திலேயே உடையும்.

பொலிஸுக்கு முன்னால் கொடுத்த வாக்குமூலம் மட்டும் போதாது, சாட்சி நேரில் வந்து நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. கொலை வழக்கு முதலில் நீதவான் நீதிமன்றத்தில் சுருக்கமுறையற்ற விசாரணை என்ற ஆரம்ப விசாரணையாக நடந்து, கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போய், அங்கே குற்றப்பத்திரம் தயாராகி, மேல் நீதிமன்றத்துக்கு வருவதுதான் நெடுங்காலமாக இருக்கும் வழி. குற்றம் நடந்த நாளிலிருந்து மேல் நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் எடுக்கிறது என்று 2017இல் பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழு ஒன்றே எழுதி வைத்தது. பத்து வருடத்தில் வன்னியில் ஒரு சாட்சிக்கு என்னவெல்லாம் நடக்கும்! கனடாவுக்குப் போய்விடுவார், கலியாணம் கட்டி வேறு ஊருக்குப் போய்விடுவார், செத்தும் போவார். விசாரித்த பொறுப்பதிகாரி அதற்குள் எத்தனை இடம் மாறியிருப்பாரோ.

சாட்சிகளைப் பாதுகாக்கச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2015இன் 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 2023இல் புதிய சட்டமும் வந்தது. ஆனால் பாதுகாப்புக் கொடுக்க வருவது பொலிஸின் ஒரு பிரிவு. பொலிஸுக்கே பயந்தவனுக்குப் பொலிஸைக் காவலுக்கு விட்டால் அவன் என்ன செய்வான்? அதோடு, மேலிடத்தில் நடப்பதையும் சனம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி தனக்கு உயிர் அச்சுறுத்தல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துப் பதவி விலகி, நாட்டைவிட்டே போனார். நீதிபதிக்கே அந்த நிலை என்றால் வயல் காவல்காரனுக்கு என்ன துணிவு வரும்?

பழைய வழக்குகள் சொல்லிக் கொடுத்த பாடமும் இருக்கிறது. மிருசுவிலில் 2000 டிசெம்பரில் குழந்தை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டது எப்படி வெளியே வந்தது? அகப்பட்டவர்களில் ஒருவர் தப்பி ஓடிவந்து சொன்னதால். அந்த ஒரு வாய் இல்லாவிட்டால் அந்த எட்டுப் பேரும் காணாமல் போனோர் பட்டியலில்தான் இருந்திருப்பார்கள். பதினைந்து வருடம் இழுத்து, 2015இல் ஒரு இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை தீர்க்கப்பட்டது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி அவருக்குப் பொது மன்னிப்புக் கொடுத்தார். திருகோணமலையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். இந்த இரண்டும் வன்னிக்கு வெளியே நடந்தவைதான். என்றாலும் இங்கே ஒரு தாய் மகனைப் பார்த்து, உனக்கேன் பிள்ளை இந்த வேலை என்று கேட்கும்போது அவர் மனதில் இருப்பது இவைதான்.

வன்னிக்குள் நடந்த யுத்தகாலக் கொலைகளுக்கு அந்த அளவு விசாரணையும் கிடையாது. 2008 மார்ச்சில் மாங்குளத்துக்குக் கிட்ட ஏ9 வீதியில் பாராளுமன்ற உறுப்பினர் சிவநேசன் கிளைமோர் வெடியில் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் மனித உரிமைப் பணி செய்த கருணாரட்ணம் அடிகளார் அதே விதமாக. அதற்கு முதல் வருடம் வவுனியாவில் 'நிலம்' சஞ்சிகை ஆசிரியர் வீட்டுக்குக் கிட்டச் சுடப்பட்டார். யாருக்கும் தண்டனை இல்லை. அந்தக் காலத்தில் ஓமந்தைக்கு வடக்கே இலங்கைப் பொலிஸ் கிடையாது, 1991இல் தொடங்கிய புலிகளின் தமிழீழக் காவல்துறையும் அவர்களுடைய நீதிமன்றங்களும்தான். இரவு பன்னிரண்டு மணிக்கும் பெண்பிள்ளை தனியாகப் போய்வரலாம் என்று இன்றும் சனம் சொல்லும். அது பொய் இல்லை, நானும் அந்த ஒழுங்குக்குள் வாழ்ந்தவன்தான். முறைப்பாட்டைத் தமிழில் கேட்டு எழுதினார்கள், ஊரும் ஆளும் தெரிந்திருந்தார்கள். ஆனால் அந்த ஒழுங்கும் பயத்தில்தான் நின்றது, அவர்கள் துரோகி என்று சொல்லிக் கொன்றவர்களின் கொலையை விசாரிக்க அங்கே ஒரு காவல்துறையும் இருக்கவில்லை, அந்தத் தாய்மாருக்கும் பதில் கிடைக்கவில்லை. 2009இல் அந்தக் கட்டமைப்பு முழுவதும் அழிந்தபோது அவர்கள் எழுதிய புத்தகங்களும் போயின. எண்பதுகளிலிருந்து 2009 வரைக்கும் இந்த மண்ணில் நடந்த கொலைகளில் பெரும்பகுதிக்கு இப்போது புரட்டிப் பார்க்க ஒரு ஏடு கூட இல்லை.

அதனால்தான் இங்கே ஒரு எலும்பு வெளியே வந்தால் முதல் கேள்வியே, இது எந்தக் காலத்து எலும்பு என்பதாக இருக்கிறது. 2023 ஜூன் 29ஆம் திகதி கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் தாட்கக் கிடங்கு வெட்டியபோது மனித எச்சம் வந்தது. அடுத்த வருடம் ஜூலை வரை விட்டுவிட்டு நடந்த அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன, பெண் போராளிகளின் உடைகளோடு. மன்னார் சதொசக் கட்டட வளவில் 2018இல் முந்நூறுக்கு மேல் எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடம் தனக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளைப் பார்த்து 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. அந்தச் செய்தி வந்த நாளில், பிள்ளையைத் தேடும் தாய்மார் எத்தனை பேர் நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் தவித்தார்கள்! பெயர் இல்லாத எலும்பை வைத்துக் கொலை வழக்கு நடத்த முடியாது. இறந்தவர் யார் என்று தெரிந்தால்தான் அவரைக் கடைசியாக யார் கூட்டிப் போனது என்று கேட்கலாம். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு உட்கார்ந்த தாய்மார் கேட்டதும் அதைத்தான். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள், அவர்களோடு பிள்ளையின் மரபணுவை ஒப்பிடக்கூடிய இரத்தமும் போய்விட்டது.

பொலிஸில் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. புங்குடுதீவு மாணவியின் கொலை 2015இல் நடந்து, 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்குத் தண்டனை தீர்க்கப்பட்டது. ஊர் முழுக்க வீதிக்கு வந்தது, வழக்குக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்குப் போனது, மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று யாழ்ப்பாணத்திலேயே இருந்து கேட்டது, சாட்சிகள் வந்து சொன்னார்கள். இரண்டரை வருடத்துக்குள் முடித்துக்காட்ட இந்த நாட்டால் முடிந்திருக்கிறது. தனியாக இருந்த ஒரு கிழவிக்காக யாரும் கடையடைப்புச் செய்வதில்லை.

இதை வாசிக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு சாவு நடந்தால், எவ்வளவு மனம் பதறினாலும் உடலைத் தூக்காதீர்கள், கழுவாதீர்கள், வீட்டுக்குள் ஒருவரையும் விடாதீர்கள், படலையில் நின்று மறியுங்கள். 119க்கு எடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பொலிஸுக்குப் போகவே முடியாது என்றால் ஒரு சட்டத்தரணி மூலமாகவாவது நீதவானுக்குத் தெரியப்படுத்த வழி இருக்கிறது, இதை நான் தெரிந்துகொண்டபோது எங்கள் தம்பி சவூதிக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

போன திவசத்துக்குப் பெரியம்மாவின் மூத்த மகள் கனடாவிலிருந்து வந்திருந்தார். அவரோடு நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் புதியவர், மரியாதையாகத்தான் பேசினார், பழைய புத்தகம் ஒன்றை எடுத்துக் கனநேரம் புரட்டினார். எங்கள் சட்டப்படி மற்றக் குற்றங்களுக்கு இருபது வருடத்தோடு வழக்குத் தொடரும் உரிமை முடிந்துவிடும், கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் மட்டும் கால எல்லை கிடையாது, இதை வரும் வழியில் அக்காவுக்கு நான் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். கடைசியில் அந்தப் பொலிஸ்காரர் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சிங்களத்தில் ஒன்றரைப் பக்கம், கீழே பால்காரப் பெடியனின் கையொப்பம். அக்காவுக்கு அதில் இலக்கத்தை மட்டும்தான் வாசிக்க முடிந்தது. அதைத் தொலைபேசியில் பதிந்துகொண்டார்.